மின்சார பஸ்ஸுக்கு அரசு நிதி: குமரி மாவட்டம் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

வடசேரிக்காரன்:

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரத் தாழ்தள பஸ்களை ஓட விட்டார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கிற திட்டம், படிப்படியாக அறுநூறைத் தாண்டும். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார பஸ்ஸுக்கென்றே 4,391 கோடி ரூபாய், 14,028 பஸ்கள். ஆனால் அது 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஒன்பது பெருநகரங்களுக்கு மட்டும். 2023-ல் வந்த பி.எம். இ-பஸ் சேவா திட்டத்தில் சேர, 2011 கணக்கெடுப்பில் நகரத்தில் 3 லட்சம் பேராவது இருந்திருக்க வேண்டும். நாகர்கோவில் அப்போது சுமார் 2.25 லட்சம். ஆக, இரண்டிலும் நமக்கு இடமில்லை.

இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. நாகர்கோவிலைத் தனியாக எண்ணினால் அப்படித்தான் வரும். மாவட்டத்தை எண்ணுங்கள்: சுமார் 1,680 சதுர கிலோமீட்டரில் 18.7 லட்சம் பேர். மக்கள் நெருக்கத்தில் சென்னைக்கு அடுத்த மாவட்டம். தோட்டியோடு எங்கே முடிகிறது, வில்லுக்குறி எங்கே தொடங்குகிறது என்று போர்டு பார்த்தால்தான் தெரியும். பஸ் ஓடும் தூரமும் குறைவு. நாகர்கோவில் - கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கி.மீ., மார்த்தாண்டம் 30. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 150 முதல் 200 கி.மீ. போகும் வண்டிக்கு இதைவிடத் தோதான ஓட்டம் எங்கே கிடைக்கும்? நகரத்தைப் பார்க்காமல் மாவட்டத்தைப் பார்த்து நிதி ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். எதிர்க்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், பேசலாம்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, வேலைக்காலம் முழுக்க பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவன் என்பதால் எழுதுகிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

12 மீட்டர் மின்சார பஸ் ஒன்று ஒரு கோடியைத் தாண்டும். டீசல் பஸ் அதில் பாதிக்கும் கீழே. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வருவதெல்லாம் பி.எஸ்.6 வண்டி, அதாவது புகைக்குக் கடுமையான வரம்பு போட்ட புது விதிப்படி செய்த வண்டி. கனரக வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு வரம்பு, எஞ்சின் தரும் ஒவ்வொரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கும் 3.5 கிராமாக இருந்ததை 0.4 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகிவிட்டது. ஒரு மின்சார பஸ்ஸின் பணத்தில் இப்படி இரண்டு புது வண்டி வரும், இரண்டு ஓட்டை வண்டி ரோட்டை விட்டுப் போகும். எது அதிகப் புகையைக் குறைக்கும்?

இன்னொன்று. கரும்புகை விடும் வண்டியை ஷெட்டில் நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாஸில் தேய்ந்திருக்கும். நாஸிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டி லிவரை அழுத்தினால் நல்லதென்றால் எல்லா ஓட்டையிலிருந்தும் ஒரே சீராகப் பனி போலப் பீய்ச்சும். தேய்ந்தது ஒரு பக்கம் ஒழுகும், நுனியில் சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு எஞ்சினுக்குள் முழுசாக எரியாது, கரியாக வெளியே வரும். புது நாஸில் இல்லை என்று சொல்லி அதையே மாட்டி வண்டியை அனுப்பிய காலமும் உண்டு. உதிரி பாகத்துக்குப் பணம் கொடுங்கள், புகை பாதி குறையும். இதற்கு ரிப்பன் வெட்ட முடியாது, அதனால் யாரும் கேட்பதில்லை.

மார்த்தாண்டம் டீச்சர்:

ஃபிட்டர் அண்ணாச்சி சொல்வதோடு நான் சேர்கிறேன், காரணம் மட்டும் வேறு.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது எவ்வளவு பெரிய உதவி என்று என்னோடு பஸ் ஏறும் முந்திரி ஆலைப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் எங்கள் ஊர் வழியாக வரும் பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாளில் ஆட்டோவுக்கு அறுபது, எண்பது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு தவணையில் ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறார்கள். ஒரு பஸ்ஸை நம்பி நின்ற நாற்பது பேர் நாற்பது ஸ்கூட்டரில் போனால் மேம்பாலத்துக்குக் கீழே எவ்வளவு புகை, எவ்வளவு நெரிசல்! ஆகவே என் பார்வையில் நேரத்துக்கு வரும் பஸ்தான் பசுமையான பஸ். முதலில் ட்ரிப்பைக் கூட்டட்டும், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்.

அப்புறம், பக்கத்தில் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் 113 மின்சார பஸ் வாங்கினார்கள். 2024 ஜனவரியில் அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற போக்குவரத்து அமைச்சரே இதில் லாபமில்லை, இனி வாங்க வேண்டாம் என்றார்.

வடசேரிக்காரன்:

டீச்சர், அந்த அமைச்சர் சொன்னதற்கு அவர் அணியிலேயே எதிர்ப்பு வந்தது. மக்கள் அந்த பஸ்ஸில் கூட்டமாகத்தான் ஏறினார்கள். பத்து ரூபாய் டிக்கெட்டில் ஓட்டிவிட்டு லாபம் எங்கே என்று கேட்டால் எந்த வண்டிதான் லாபம் காட்டும்?

செலவைப் பார்ப்போம். டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். டவுன் ஓட்டத்தில் லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் கி.மீ.க்கு 18 ரூபாய். மின்சார பஸ் கி.மீ.க்கு ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் எடுக்கும், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 10 ரூபாய்க்குள். நாளைக்கு 200 கி.மீ. ஓடினால் 1,600 ரூபாய் மிச்சம். வருசத்துக்கு ஐந்து லட்சம். விலை வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் இப்படியே திரும்பிவிடும். அந்த மிச்சத்தில்தான் நீங்கள் கேட்கும் கூடுதல் ட்ரிப் விட முடியும்.

பழைய ஃபிட்டர்:

இடையில் பேட்டரி மாற்ற வேண்டுமே, அந்தச் செலவை எங்கே எழுதினாய்?

பசுமை என்கிறாயே, அதையும் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. கி.மீ.க்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்கு மேல் என்று மத்திய மின்சார ஆணையம் சொல்கிறது. கி.மீ.க்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும் வண்டி எந்த வகையில் குறைவு? மார்த்தாண்டத்துப் புகை தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆரல் காற்று:

அண்ணாச்சி சொன்ன 0.7 நாடு முழுக்கச் சேர்த்த சராசரி, நிலக்கரி மாநிலங்களும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. முப்பந்தலில் என் வீட்டு வாசலில் இருந்து பார்த்தாலே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. பக்கத்தில் கூடங்குளம் 2,000 மெகாவாட். நம் கோதையாறு நீர்மின் நிலையங்கள் 100 மெகாவாட். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கும்போது, வாங்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள் என்று உற்பத்தியாளர்கள் பல வருசமாகப் புகார் சொல்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தேவை குறையும், காற்று குறையாது. பஸ் டிப்போவில் நிற்பதும் அந்த நேரத்தில்தான். டீசல் பஸ் பதினைந்து வருசம் ஓடினாலும் முதல் நாள் விட்ட அளவாவது விடும். மின் கட்டமைப்பில் காற்றும் சூரிய ஒளியும் சேரச் சேர, இன்று வாங்கிய மின்சார பஸ் வருசா வருசம் தானாகச் சுத்தமாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரியமில வாயு உலகத்துப் பிரச்சினை. நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்தில் மூன்று பஸ் வரிசையாக எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும் பள்ளிப் பிள்ளை சுவாசிப்பது கரித்துகள். அதில் டீசல் வண்டியும் மின்சார வண்டியும் சமம் இல்லை.

குளச்சல் கரை:

காற்று இருக்கிறது சரி, கம்பி நிற்குமா? 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் யாருக்கும் மறந்திருக்காது. ஆயிரக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்து, எத்தனை ஊரில் நாள்கணக்காக இருட்டு. கடலில் போனவர்களைத் தேடி கரையோர ஊர்களிலிருந்து மக்கள் குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் அலைந்த நாட்கள் அவை. அன்று ஓடியது டீசல் வண்டி. முழுக்க மின்சாரத்துக்கு மாறுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உப்புக் காற்றையும் யாரும் பேசவில்லை. கடற்கரைச் சாலையில் ஓடும் பஸ்ஸின் படிக்கட்டுத் தகட்டைக் கீழே குனிந்து பாருங்கள், பெயின்ட் கொப்புளித்து உள்ளே துரு இலை இலையாகப் பிரிந்து நிற்கும். பேட்டரிப் பெட்டிக்கும் இணைப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பு எப்படி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

மலையோரத்தான்:

எங்கள் பயம் வேறு. ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறை பக்கம் மின்சார பஸ் வராது என்று தெரியும். ஏற்றத்தில் சார்ஜ் கரையும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்ப ஏறும், இருந்தாலும் வழியில் நின்றுவிட்டால் மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் யார் வருவார்? அதனால் இப்போதைக்கு நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் நகரத்துக்குப் புதுசு வரும்போதெல்லாம் அங்கே கழித்த வண்டி மலைக்கு வருகிறது. ஜன்னல் ஷட்டர் இறங்காது, மழை பெய்தால் உள்ளேயே குடை. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புகை பின் சீட்டுக்குள் வரும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் காணிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளும் அதில்தான் போக வேண்டும். 15 வருசம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து செய்ய வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. பசுமை நிதி வருகிறது என்றால், கழிக்கிற வண்டி நிஜமாகவே கழிய வேண்டும், எங்கள் தலையில் விழக்கூடாது.

அயலூர் குமரியான்:

இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் தக்கலை. இங்கே அரசு பணத்தை எப்படிக் கொடுத்தது என்பது உங்கள் விவாதத்துக்கு உதவும். 2021-ல் லண்டனுக்கு வெளியே உள்ள உள்ளூர் நிர்வாகங்களுக்கென்று ஜீப்ரா என்று ஒரு திட்டம் வந்தது. அதில் பஸ்ஸின் முழு விலையை அரசு கொடுக்கவில்லை. டீசல் பஸ் விலைக்கும் புகையில்லாத பஸ் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 75 சதவீதம் வரை கொடுத்தது. சார்ஜிங் வசதிக்கும் அதே மாதிரி. மீதியை பஸ் ஓட்டும் நிறுவனமும் உள்ளூர் நிர்வாகமும் போட வேண்டியிருந்தது.

ஃபிட்டர் அண்ணாச்சியின் "ஒன்றா, இரண்டா" என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. எப்படியும் டீசல் பஸ் வாங்க ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கும், எண்ணிக்கை குறையாது. பசுமை நிதி அதற்கு மேலே வருகிற தனிப் பணம்.

மார்த்தாண்டம் டீச்சர்:

தனிப் பணம் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் அதை எழுத்தில் வேண்டும். மின்சார பஸ் வந்ததைக் காட்டி ஒரு ட்ரிப்பைக்கூட நிறுத்தக்கூடாது. வண்டி தாழ்தளமாக இருப்பதால் வேறு கட்டணம் என்று பெண்களின் இலவசப் பயணத்தில் கை வைக்கவும் கூடாது.

பழைய ஃபிட்டர்:

வித்தியாசத்தை மட்டும் அரசு தரும் என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் நம்மூரில் நடப்பது அப்படியில்லை. சென்னையில் மின்சார பஸ் தனியாருடையது, டிரைவர் அவர்கள் ஆள், கண்டக்டர் மட்டும் நம் ஆள். கி.மீ.க்கு இவ்வளவு என்று அரசுப் போக்குவரத்துக் கழகம் கொடுக்கிறது. இ-பஸ் சேவாவிலும் அதே முறைதான், 12 மீட்டர் வண்டிக்குக் கி.மீ.க்கு 24 ரூபாய் வரை மத்திய உதவி. ஒப்பந்தம் முடிந்து அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், பேட்டரியைத் தொட்டுப் பார்த்திராத மெக்கானிக்கும் காலி டிப்போவும்தான் நமக்கு மிஞ்சும். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து இந்த மாவட்டத்தில் பஸ் என்றால் அரசு பஸ். அதை விட்டுக்கொடுத்து வாங்குகிற பசுமை எனக்கு வேண்டாம்.

வடசேரிக்காரன்:

அண்ணாச்சி, ஒப்பந்த முறையில் எனக்கு உங்கள் அளவு எதிர்ப்பு இல்லை. பேட்டரி கெட்டால் நஷ்டம் நிறுவனத்துக்கு, கழகத்துக்கு இல்லை. முதல் பத்து வருசம் அந்த ஆபத்தை அவர்கள் சுமக்கட்டும் என்பது என் எண்ணம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்க மனு எழுதுகிறேன். நாகர்கோவில் - கன்னியாகுமரி, நாகர்கோவில் - மார்த்தாண்டம், நாகர்கோவில் - குளச்சல் தடங்களில் மட்டும் முதலில் மின்சார பஸ், மாவட்டத்தை அளவாக வைத்து. டீசல் பஸ் வாங்கும் ஒதுக்கீடு குறையக்கூடாது. ட்ரிப்பும் இலவசப் பயணமும் அப்படியே. புயல் நேரத்துக்கு டீசல் வண்டி கையிருப்பு. 15 வருசம் தாண்டியது மலைக்குப் போகக்கூடாது, மலைக்குப் புது பி.எஸ்.6 வண்டி. உப்புக் காற்றுக்கான பாதுகாப்பு ஒப்பந்தத்தில். விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்:

நாஸிலுக்கும் ஃபில்டருக்கும் தனி ஒதுக்கீடு, இப்போது ஓடுகிற வண்டிகளுக்கு, இந்த வருசமே. டிப்போ மெக்கானிக்குகளுக்கு பேட்டரி, மோட்டார் வேலையில் பயிற்சி. இரண்டையும் சேர். ஒப்பந்தம் பற்றிய வரி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

மலையோரத்தான்:

மலைக்கு எந்தெந்தத் தடம் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "மலைப்பகுதி" என்று பொதுவாக எழுதினால் அடிவாரத்துக் குலசேகரத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை.