வாக்குத்தத்த அட்டையும் ஒன்பது நாட்களும்

தேரிக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். போன வருஷம் நவம்பரில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். முடியும்போது வாக்குத்தத்த அட்டைத் தட்டு வந்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேத வசனம் இருக்கும், பார்க்காமல் எடுப்பதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு என்று நம்பிக்கை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சங்கீதம் 118:17. “நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.”

சித்தி அங்கேயே அழுதுவிட்டார். மறுநாள் ஊரே வந்து அந்த அட்டையைப் பார்த்தது. அண்ணன் அதை ஃபிரேம் போட்டு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்டினான்.

மே மாதம் அம்மா போய்விட்டார்.

துக்க வீட்டிலேயே ஒருவர், “வாக்குத்தத்தம் தப்பாது, உங்க வீட்டுலதான் யாருக்கோ விசுவாசம் குறைஞ்சிருக்கு” என்றார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அப்போது கோபம்கூட வரவில்லை. ராத்திரிதான் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஏப்ரலில் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு சபை ஊழியர், மேசையில் இருந்த மார்ஃபின் மாத்திரையைப் பார்த்துவிட்டு, வாக்கு வாங்கின பிறகு இது எதற்கு என்று என்னிடம் தனியாகக் கேட்டார். நான் அந்த டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பத்தாம் நாள் விடியக்காலையில், “ஏளா, அந்த மாத்திரையத் தந்துரு” என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஜூனிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் அசனப் பண்டிகை, சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற விருந்து. காய் நறுக்க வா என்று கூப்பிடுகிறார்கள். போக முடியவில்லை. அந்த அட்டையை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

வசனப்பிரியன்:

சகோதரி, சோர்ந்துபோகாதீர்கள். ரோமர் 8:28 வாசியுங்கள், சகலமும் நன்மைக்கு ஏதுவாகவே நடக்கிறது. உங்கள் தாயார் பரலோகத்தில் பிழைத்திருந்து கர்த்தருடைய செய்கைகளை விவரிக்கிறார். வாக்குத்தத்தம் நிறைவேறியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆமென்.

தேரிக்காட்டுக்காரி:

அண்ணே, நீங்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அட்டை வந்த அன்றைக்கு யாரும் இந்த அர்த்தம் சொல்லவில்லையே.

கடற்கரைக்காரன்:

நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. எங்கள் ஊரில் அட்டை எடுக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் அந்த ஆள் சொன்னது எனக்குப் பழக்கமான பேச்சுதான்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். அன்றைக்கு எங்களுக்கு பெலவேந்திரர், அதாவது சீஷர் அந்திரேயாவின் திருநாள். சேசு கூப்பிட்டதும் வலையை விட்டுவிட்டு வந்த மீன்பிடிக்காரர் அவர். அவருடைய நாளில்தான் மீன்பிடிக்காரர்களைக் கடல் கொண்டுபோனது. என் மாமா போன போட்டில் இருவர் திரும்பினார்கள், மாமா வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வெறும் போட்டோவை வைத்து பூசை வைத்தோம். திரும்பி வந்த இருவரில் ஒருவன் கோயில் பக்கமே வராதவன். மாமா தினமும் செபமாலை சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனவர். விசுவாசத்தை எடை போட்டுத்தான் கடல் ஆளைத் திருப்பித் தருமா?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று சேசுவே கேட்டு, இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போகலாம். மாமியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. சாயங்காலம் மாமி கரையில் போய் உட்காரும்போது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பழைய வாத்தியார்:

அம்மா, அந்தச் சங்கீதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 40 வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவன், கொஞ்சம் பாடம் நடத்துகிற தொனி வந்தால் மன்னியுங்கள்.

113 முதல் 118 வரை உள்ள சங்கீதங்களை யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையான நாளை நினைக்கிற பஸ்கா ராத்திரியில் பாடுவார்கள், பிற்பாதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு. இராப்போஜனம், அதாவது கடைசி இரவு விருந்து முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. அவர்கள் பாடியது இந்தச் சங்கீதங்களைத்தான் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியானால் “நான் சாவாமல், பிழைத்திருந்து” என்பதை ஆண்டவர் தம் சொந்த வாயால் பாடினார், வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் மூன்று மணிக்கு அவர் உயிர் போனது.

இதை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் என் மனைவி இறந்த வருஷம்தான் எனக்கே உறைத்தது. அந்த வசனத்தைப் பாடிவிட்டு அவர் போன இடம் கெத்செமனே தோட்டம். அங்கே தரையில் விழுந்து, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கக்கூடுமானால் என்று கேட்டார். நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்த ஊழியரும் சொல்லத் துணிவாரா?

உயிர்த்தெழுதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை நம்பித்தான் நானும் இருக்கிறேன். ஆனால் அது சிலுவைக்கு அந்தப் பக்கம். நாம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிலுவையைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குச் சந்து தேடுகிறோம். சொல்லப்போனால் அந்தத் தட்டை நிறுத்த வேண்டும் என்று எங்கள் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் இரண்டு தடவை பேசினேன். தோற்றேன்.

ரிட்டயர்டு நர்ஸ்:

எல்லாரும் அட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளை அந்த ஒன்பது நாளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அதை யாரும் தொடவில்லை.

கண்ணு, நான் 31 வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். முதலில் மருந்து விஷயம். மார்ஃபின் என்றால் கடைசி மருந்து, கொடுத்தால் ஆள் போய்விடும் என்று படித்தவர்களே பயப்படுவார்கள். அப்படி இல்லை. அளவு பார்த்து, நேரத்துக்குக் கொடுத்தால் அது வலிக்கு மருந்து, அவ்வளவுதான். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதினார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்றும் எழுதியிருக்கிறார். பவுல் கூட இருந்தும் ஒருவன் வியாதியாகத்தான் கிடந்தான். எனக்குச் சொந்த ஊர் டோனாவூர் பக்கம். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அத்தனை பிள்ளைகள் அவருக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்?

இரண்டாவது விஷயம் கஷ்டம். அந்த ஒன்பது நாள் வலி தேவையில்லாதது. தப்பு இல்லை என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். பயத்தில் செய்தாய், உன்னை நம்பவைத்த ஆளுக்கும் அதில் பங்கு இருக்கிறது, ஆனாலும் பீரோச் சாவி உன் கையில்தான் இருந்தது. கிருபை என்று நாம் பேசுவதெல்லாம் இந்த மாதிரி இடத்துக்குத்தானே? தப்பே செய்யாதவளுக்கு அது எதற்கு?

வேதத்தில், குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்து வியாதிப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, பக்தியாகப் பேசியே அவனைக் குத்தினார்கள். கடைசி அதிகாரத்தைப் பார். கர்த்தருக்கு அவர்கள்மேல் கோபம். ஆனால் என் தாசனாகிய யோபு உங்களுக்காக வேண்டுதல் செய்வான், அவன் முகத்தைப் பார்த்து உங்களை விடுவேன் என்கிறார். நோகடிக்கப்பட்டவன் வாயில்தான் அவர்களுக்கு மன்னிப்பு இருந்தது.

ஒன்று கேட்கிறேன். மாத்திரை கொடுத்த அன்றைக்கு, அதற்குப் பிறகு, அம்மா ஜெபித்தாரா? என்ன சொல்லி ஜெபித்தார்?

வசனப்பிரியன்:

தங்கச்சி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

தேரிக்காட்டுக்காரி:

பரவாயில்லை அண்ணே.

சிஸ்டர், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நாலு நாள் பதில் எழுதவில்லை.

ஜெபித்தார். அன்றைக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் இருக்கும். சேலைத் தலைப்பை விட்டுவிட்டு மல்லாந்து படுத்தார். கையைத் தேடினார், கொடுத்தேன். “அப்பா, இவ ஒம்பது நாளா தூங்கல, இவளுக்குத் தூக்கத்தைத் தாரும்” என்றார். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நான் அங்கேயே, கட்டில் கால்மாட்டில், தரையில் தூங்கிப்போனேன். எழுந்தபோது மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. அத்தனை நேரமும் அம்மா என்னை எழுப்பவிடாமல் வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இது எனக்கு மறந்தே போயிருந்தது. எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

அட்டையை ஃபிரேமிலிருந்து எடுத்து அம்மாவின் வேதாகமத்தில் மத்தேயு 26-இல் வைத்திருக்கிறேன் சார். அதன் அர்த்தம் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அண்ணனிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து வெளியே போனான். திரும்பி வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அசனத்துக்குக் காய் நறுக்கப் போகிறேன். கத்தரிக்காய்ப் பக்கம் உட்காரலாம் என்றிருக்கிறேன். அந்த காபி டம்ளர்க்காரர் எப்போதும் அரிசி களைகிற பக்கம்தான் இருப்பார்.