சர்ஃபிங் பழக ஜூலையில் எங்கே போகலாம்? கோவளமா, வெலிகமவா, அறுகம் பேயா?

நீலாங்கரைவாசி:
ஜூலையில் ஒரு வாரம் லீவு கிடைக்கிறது, சர்ஃபிங் பழக ஆசை. நீச்சல் தெரியும், ஆனால் குளத்தில் பழகியதுதான். நண்பர்கள் இலங்கைக்குப் போகலாம் என்கிறார்கள், அதிலும் ஒருவர் தெற்குக் கரையில் வெலிகம, இன்னொருவர் கிழக்குக் கரையில் அறுகம் பே. இங்கே சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் கோவளமே போதுமா? அப்புறம் அலை ஆப்பில் '1 மீட்டர், 13 விநாடி' என்று வருகிறதே, மீட்டர் சரி, விநாடி எதற்கு?

அலைப்பித்தன்:
விநாடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் அலை போய் அடுத்தது வரும் இடைவெளி அது. 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை, ஒழுங்கில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று வந்து விழும், போர்டில் படுத்துக் கை போடுவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். 12க்கு மேல் என்றால் தெற்கே வெகு தொலைவில் புயலில் பிறந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்த அலை. வரிசையாக வரும், நடுவில் ஓய்வும் கிடைக்கும். ஆனால் உயரம் ஒன்றாக இருந்தாலும் 13 விநாடி அலைக்கு 6 விநாடி அலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, கரையில் ஆழம் குறையும்போது இன்னும் எழும்பும். புதிதாகப் பழகுபவருக்கு அரை மீட்டரே தாராளம்.

ஜூலையில் நான் கோவளம்தான் சொல்வேன். காலையில் மேல்காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை சீக்கிரம் உடையாமல் வழுவழுப்பாக நிற்கும். மதியம் கடற்காற்று ஏறியதும் எல்லாம் கலைந்துவிடும், அதனால் விடிந்ததும் தண்ணீரில் இருங்கள். பாறைப் பக்கம் போகாமல் மணல் அடியுள்ள இடத்தில், பெரிய ஃபோம் போர்டில், சொல்லித்தருபவரோடு.

பொத்துவிலான்:
ஜூலையில் வெலிகம வேண்டாம் தம்பி. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அந்தப் பக்கத்துக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன், அப்போது வந்தால் மணல் அடியோடு அகலமான குடா, பழகுவதற்கு அருமையான இடம்.

எங்கட அறுகம் பே பக்கம் மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஆனால் அறுகம் குடா என்றதும் எல்லோரும் மெயின் பாயிண்டுக்கு ஓடுகிறார்கள், அது கல் அடி, அலையும் வேகம், கூட்டமும் அதிகம். நீங்கள் பேபி பாயிண்டில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்து விஸ்கி பாயிண்ட் போங்கள்.

நீலாங்கரைவாசி:
மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் கோவளம்தான். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் வழியாக உள்ளே போனால் சுலபமா?

அலைப்பித்தன்:
வேண்டவே வேண்டாம்! இருபுறமும் அலை உடைந்து நடுவில் மட்டும் தண்ணீர் கறுத்து அமைதியாக இருந்தால், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், போர்டை விடாமல் கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

புறப்படும் முன் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். 'கள்ளக்கடல்' என்று போட்டிருந்தால் அன்று போகவே கூடாது. உள்ளூரில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும், ஆனால் தூரத்து அலை திடீரென்று ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். காலையில் கரையில் இருக்கும் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அன்றைக்கு இழுவை எந்தப் பக்கம் என்று சொல்வார்கள்.