வீட்டு முற்றத்தில் சிறு மரப்படகு: பலகையில் கட்டுவதா, பிளைவுட்டில் தைப்பதா?

அரியாங்குப்பத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நான் அரியாங்குப்பத்தில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் புறநகர் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்பே ஊருக்கு வந்து, சித்திரை வெயில் ஏறும் வரை எங்கள் வீட்டிலேயே தங்குகிறேன். பிரான்சில் இருந்தபோது மரவேலை பழகினேன். அங்கு வீட்டுக் கொட்டகையிலேயே சிறு படகு கட்டிக்கொள்பவர்கள் பலர் உண்டு. அவர்களுள் ஒருவருக்கு உதவியாக இருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

இந்த ஆண்டு எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் பத்தரை அடி நீளத்தில், இருவர் உட்காரக்கூடிய, துடுப்பு வலிக்கும் படகு ஒன்றைக் கட்ட விரும்புகிறேன். கடலுக்குள் போகும் எண்ணம் இல்லை. அரியாங்குப்பம் ஆறும் சுண்ணாம்பாறும் போதும். நம் ஊர் வழக்கப்படி பலகையில் கட்டுவது நல்லதா, பிளைவுட் துண்டுகளைக் கம்பியால் தைத்து எபாக்சி என்னும் பிசினால் ஒட்டும் முறை நல்லதா? நம் ஊரின் வெயிலையும் ஈரக்காற்றையும் எது தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

ஓடாவி வீட்டுப் பிள்ளை, கடலூர் முதுநகர்:

ஐயா, வணக்கம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உப்பனாற்றங்கரையில் மரப்படகு கட்டிய ஓடாவிகள். அந்தத் தொழிலின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் உங்கள் தேவைக்குப் பலகைப் படகை நான் சொல்ல மாட்டேன். பலகைப் படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டியது. பலகை நீரில் ஊறி உப்பும்போதுதான் இணைப்புகள் இறுகும். பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்து அடைத்த இடுக்குகளும் அப்போதுதான் நீர் காக்கும். நீங்கள் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு அது கோடை முழுவதும் போர்ட்டிகோவில் காய்ந்து கிடந்தால், பலகைகள் சுருங்கி நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும். அடுத்த ஆண்டு ஆற்றில் இறக்கிய உடனேயே உள்ளே நீர் ஏறும். கட்டுமரத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் கட்டைகள் நீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவார்கள். வெளியே கிடக்க வேண்டியதா, நீரில் கிடக்க வேண்டியதா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், கட்டும் முறை தானாகவே முடிவாகிவிடும். உங்கள் படகு வெளியே கிடக்கப் போவது, ஆகவே பிளைவுட்தான்.

தைக்கும் முறை நமக்குப் புதியது என்று எண்ணித் தயங்க வேண்டாம். சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலாப் படகுகள் பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவைதாம். அவற்றில் ஆணியும் இல்லை, உள்ளே வங்குகள் என்னும் குறுக்குச் சட்டங்களும் இல்லை. அதனால் கரையலை அடிக்கும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுக வசதி இல்லாத காலத்தில், தொலைவில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை அவையே. வேறுபாடு ஒன்றுதான்: மசூலாவில் தையலே கடைசி வரை தாங்கும், பிளைவுட் படகில் ஒட்டு இறுகும் வரை மட்டும் தையல் பிடித்துக்கொண்டிருக்கும், பிறகு கம்பியை உருவிவிடலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு இங்கெல்லாம் ஃபைபர் படகுகளே பெருகிவிட்டதால், மரவேலைக்கு ஓடாவி கிடைப்பது அரிது. ஆனால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இரு பக்கங்களும் சேரும் இடத்தைத் தாங்க வைக்கும் வளைமுட்டுக்குக் கருவேலம் அல்லது பூவரசின் இயற்கையான வளைந்த கிளையைத் தேடி எடுங்கள். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்திலேயே பிளக்கும்.

லாஸ்பேட்டைத் தச்சு:

முதுநகர் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இதே முறையில் ஒரு சிறு படகு கட்டி ஆற்றில் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த முறை பரவலாகத் தெரியவந்தது 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் ஆகியோர் வடிவமைத்த ‘மிரர்’ படகால்தான். அதன் நீளம் 3.3 மீட்டர், அதாவது நீங்கள் கேட்கும் அளவுக்குச் சற்றே கூடுதல். பிளைவுட் எட்டடிக்கு நான்கடி அளவில் வருவதால், பத்தரை அடிப் படகுக்கு இரண்டு தாள்களின் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். தடிமனைப் போல் எட்டு மடங்கு சாய்வு தேவை. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். அந்த ஒட்டை அவசரமாகச் செய்யாதீர்கள். பக்கப் பலகையை வளைக்கும்போது முழு இழுப்பும் அங்கேதான் விழும்.

கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சொல்லித் தரும் எதையும் வாங்காதீர்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டைத்தான் கேட்க வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனையில் பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் வைப்பார்கள். முத்திரையை மட்டும் நம்பாமல், தாளின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளடுக்குகளில் பொந்து தெரிந்தால் அது வேண்டாம். ஒரு துண்டை அறுத்து வாங்கி வந்து, அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்துக் காயவிட்டு, கத்தி முனையால் அடுக்கைப் பிரித்துப் பார்த்த பிறகே மீதியை வாங்குவது என் வழக்கம்.

அடுத்தது பிசின். மீனவர் ஊர்களில் ஃபைபர் படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, எளிதில் கிடைக்கும். ஆனால் மரத்தில் அது எபாக்சியைப் போலப் பிடிக்காது, நாளடைவில் உரிந்து வரும். அவர்கள் பயன்படுத்தும், துண்டு துண்டான கண்ணாடி இழைகளால் ஆன வெட்டிழைப் பாயும் வேண்டாம். அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரையும்படி செய்யப்பட்டது. எபாக்சியில் பெரும்பாலும் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த கண்ணாடி இழைத் துணியையே வாங்குங்கள்.

நீங்கள் பிரான்சில் பழகிய நேரக்கணக்கு இங்கே பொருந்தாது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவை இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே எபாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் மெதுவாக இறுகும் வகையைக் கேட்டு வாங்கி, சிறிது சிறிதாகக் கலந்து, கலந்ததும் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். ஆழமான டப்பாவில் விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும்.

விடியற்காலையில் வேலை செய்யுங்கள் என்று பலரும் சொல்வார்கள். பங்குனியில் அது சரி. தை மாதத்தில் பலகைமேல் பனி ஈரம் படிந்திருக்கும், துடைத்தாலும் போதாது. அப்போது வெயில் ஏறி மரம் உலர்ந்த பின், பத்து மணிக்கு மேல் தொடங்குவதே நல்லது. ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின் மேல் கையில் பிசுபிசுக்கும் மெழுகு போன்ற படலம் ஒன்று வரும். அதை வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிய பின்பே அடுத்த பூச்சு. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகு இன்னும் ஆழமாகத் தேய்ந்து ஏறும். கடைசியில் பெயின்ட் கட்டாயம். நம் வெயிலில் எபாக்சி மூடாமல் கிடந்தால் கெட்டுவிடும்.

திருகாணி பித்தளையில் வேண்டாம்; உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, ஆணி பொடிந்துவிடும். 316 வகை எவர்சில்வர் திருகாணி நல்லது.

ஆற்றங்கரை வீடு, தவளக்குப்பம்:

கட்டுவதைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். சங்கராபரணியிலிருந்து பிரியும் இரண்டு கிளைகளையும் நீங்கள் அறிவீர்கள். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே தேங்காய்த்திட்டுத் துறைமுகம் இருப்பதால், விசைப்படகுகள் போகும் வழியில் துடுப்புப் படகுக்கு வேலையில்லை. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வீசும்போது வற்றுநீர் வெளியே ஓடினால், முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அந்தப் பக்கமே போகாதீர்கள். காலையில் கீழ்நோக்கிச் சிறிது தூரம் போய், கடற்காற்று எழுந்ததும் திரும்பினால், களைத்த நேரத்தில் காற்று உங்களை வீட்டுப் பக்கம் தள்ளிவிடும்.

படகின் அணியத்திலும், பின்முனையான அமரத்திலும் காற்றுப் புகாத அறைகளை அடைத்து வையுங்கள். நீர் நிறைந்தாலும் படகு மூழ்காது. மிதவைச் சட்டையை மறக்க வேண்டாம். பிற்பாடு மோட்டார் பொருத்த நினைத்தால், 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு பற்றித் துறைமுகத் துறையில் முதலில் கேளுங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே கொண்டு போகும் எண்ணம் வேண்டாம்.

அரியாங்குப்பத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளைவுட் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது: படகின் அகலம் நான்கடி வந்தால் துடுப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எந்த மரத்தில் செய்யலாம்?

லாஸ்பேட்டைத் தச்சு:

துடுப்புகளை மாட்டும் இரண்டு பக்கக் கொளுவிகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, இரண்டு அங்குலம் கூட்டுங்கள். அது கொளுவியிலிருந்து கைப்பிடி வரையுள்ள துடுப்பின் உட்பக்க நீளம். அதை ஏழால் வகுத்து இருபத்தைந்தால் பெருக்கினால் முழு நீளம் கிடைக்கும். நான்கடி அகலத்துக்கு ஏழரை அடிக்கும் எட்டடிக்கும் இடையில் வரும். தேக்கு கனம்; கைக்கு அலுப்புத் தரும். முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் நியூசிலாந்து பைன் கட்டையைத் தேர்ந்தெடுங்கள். அலகின் முனையில் மட்டும் கண்ணாடி இழைத் துணி ஒட்டினால், ஆற்று மணலில் ஊன்றினாலும் பிளக்காது. தேக்கை விளிம்புச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்து அதன் எண்ணெயைப் போக்கிவிட வேண்டும்.