அம்மம்மாவுக்கு யார் வாசிச்சுக் காட்டுறது? வன்னியில் அனிமே பார்த்த கதைகள்

முறிகண்டிக் கச்சான், கிளிநொச்சி

அனிமே என்கிற ஜப்பானியப் பொம்மைப் படங்களைச் சப்ரைட்டிலோடு, அதாவது கீழே ஓடும் எழுத்தோடு பார்ப்பவன்தான் உண்மையான ரசிகன், டப்பிங் பார்ப்பவன் சின்னப்பிள்ளை என்று போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்த நேரம் தொட்டு மனம் ஆறவில்லை. என் கதையை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கோ, சண்டையை அப்புறம் பார்ப்போம்.

முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து, ரீவி வந்து, அதற்குப் பிறகுதான் சீடிக் கடை வந்தது. ஏ9 வீதிக்கரையில் தகரம் அடித்த சின்னக் கடை. அங்கே இருந்த அண்ணா ஒரு டிஸ்க்கில் பத்துப் பாகம் என்று நருட்டோ என்கிற அனிமேயை எழுதித் தருவார், ஐந்தாவது பாகத்தில் கட்டாயம் இறுகி நிற்கும். கீழே மஞ்சள் எழுத்தில் ஆங்கிலம், படத்தோடு சேர்த்து ஒட்டினது, வேண்டாம் என்றாலும் எடுக்க ஏலாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது இரண்டு வருடமாக ஆங்கிலத்துக்கு ரீச்சர் இல்லை. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் நிற்பாட்டி, அகராதியைப் புரட்டி, கொப்பியில் எழுதி, இருபது நிமிடப் பாகத்தை ஒன்றரை மணித்தியாலம் பார்த்தவன். பழிவாங்குவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அதில் வருகிற சசுகேயிடம்தான் படித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு வந்த 'சி'யில் பாதி அவனுக்குச் சேர வேண்டியது.

அதனால் நானும் சப்ரைட்டில் கட்சிதான், கொஞ்சம் தலைக்கனத்தோடு. கெடுத்தது அம்மம்மா. அவவுக்குக் கண்ணில் வெண்புரை, தமிழே பெரிய எழுத்தில் இருந்தால்தான் வாசிப்பா. பின்னேரத்தில் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருப்பா. "என்னவாம்?" "ஏன் மோனை அந்தப் பெடியன் அழுறான்?" நான் சொல்லி முடிக்கிறதுக்குள் அவன் அழுது முடித்துச் சண்டைக்கே போயிருப்பான்.

2024இல் சோலோ லெவலிங் என்கிற அனிமே தமிழ்க் குரலோடு வந்தது. பென் ட்ரைவில் கைமாறி எங்கள் வீட்டுக்கும் வந்தது, எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். முதல் பத்து நிமிடம் அவ கேட்டதெல்லாம், "இவங்கள் ஏன் இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்கிறாங்கள்?" அப்புறம் சத்தம் இல்லை. தாய் எழும்பாத நித்திரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறா, மகன் அந்தச் செலவுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குகை குகையாகப் போகிறான், இது போதும் அவவுக்கு. அரை மணித்தியாலமாக ஒரு 'என்னவாம்' கூட வரவில்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. சந்தோசப்பட வேண்டியவன், உண்மையைச் சொன்னால் வேலை பறிபோனவன் மாதிரி இருந்தேன்.

நந்திக்கடல் இறால், முல்லைத்தீவு

நான் சப்ரைட்டில் எழுதுகிற ஆள். யாருக்கும் விற்பதில்லை, தங்கச்சிக்கும் அவளுடைய கூட்டாளிகளுக்கும் மட்டும். முதலில் அடித்தது பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில், எங்கள் பக்கம் எல்லாரும் பழகினது அதுதானே. இரண்டு இரவு இருந்து அடித்துவிட்டு, கணினியில் படம் ஓட்டுகிற வீஎல்சியில் போட்டால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பிறகு யூனிகோடில் திரும்ப அடித்தேன், இந்த முறை பெட்டி பெட்டியாக வந்தது. எழுத்துருவை மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு மாதம் போனது. மொழிபெயர்ப்புக்கு அவ்வளவு நாள் எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை ஆங்கில சப்ரைட்டிலோடு மட்டும் பார்ப்பவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். ஜப்பானிய மொழியிலும் தமிழ் மாதிரி வினை கடைசியில்தான் வரும். ஒருவன் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு "நான் உன்னை..." என்று இழுத்து, மூச்சு விட்டு, "கொல்ல மாட்டேன்" என்று முடிப்பான். அந்த மாட்டேன்தான் காட்சியே. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னுக்கு வந்துவிடும், அவன் வாயைத் திறக்க முதலே கீழே எழுத்தில் கதை உடைந்து போகும். தமிழில் அவன் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்தலாம், இரண்டு வரியாக வெட்டினால் சரி.

உறவுமுறையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். நருட்டோவில் அண்ணன் இத்தாச்சியைப் பார்த்து சசுகே 'நீசான்' என்று கூப்பிடுகிற இடத்தில் நான் 'அண்ணா' என்று மட்டும் போட்டேன், தங்கச்சி அழுதுவிட்டாள். டீமன் ஸ்லேயரில் தங்கச்சி நெசுகோவுக்கும் அண்ணன் தஞ்சிரோவுக்கும் நடுவில் வருவதை எழுதுவது இன்னும் சுகம், நாங்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுதலாம்.

ஒரு தரம் கோப்பு எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார்: "இவன் 'அவளோட கதைக்கணும்'னு சொல்றானே, கதை சொல்லப் போறானா?" நான் சிரித்துவிட்டு 'பேசணும்' என்று மாற்றினேன். அடுத்த நாள் திரும்ப 'கதைக்கணும்' என்றே மாற்றிவிட்டேன். அவர் பார்க்கிற தமிழ் டப்பிங்கை நான் புரிந்துகொள்கிறேன்தானே, அவரும் ஒரு சொல் படிக்கட்டும்.

பழைய பேப்பர், புதுக்குடியிருப்பு

எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது, இந்தப் பொம்மைப் படம் எல்லாம் மகன் பார்ப்பது. ஆனால் டப்பிங் எங்களுக்குப் புதிசில்லை பிள்ளையள். சண்டைக்காலத்தில் இங்கே ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ்க் குரல் போட்டு, ஜெனரேற்றர் வைத்து, வெளியில் பாய் விரித்துக் காட்டினார்கள். வெள்ளைக்காரன் எங்கட தமிழில் கதைச்சான். வாய் ஒரு பக்கம் போகும், சத்தம் இன்னொரு பக்கம் போகும், ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

குளக்கட்டுப் பெடியன், வவுனியா

கம்பனிக்காரரைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன்.

முதல் சம்பளம் எடுத்தபோது இனிக் களவாகப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து ஒரு செயலிக்குக் காசு கட்டினேன். மூன்றாம் மாதம், பாதி பார்த்துக்கொண்டிருந்த தொடர் காணாமல் போனது. தேடினால் "உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது." அன்றைக்கு நான் விட்ட வசனங்களை இங்கே எழுத ஏலாது. பிறகு ஆறுதலாகத் தேடிப் படித்தபோதுதான் விசயம் விளங்கியது. ஒரு அனிமேக்குப் பெரும்பாலும் ஒரு முதலாளி இல்லை. பதிப்பகம், தொலைக்காட்சி, பாட்டுக் கம்பனி, விளையாட்டுச் சாமான் செய்பவன் என்று பலர் காசு போட்ட குழு. அவர்கள் உரிமையை நாடு நாடாக, இத்தனை வருடம் என்று பிரித்து விற்பார்கள். காலம் முடிந்தால் தொடர் இறங்கும், அல்லது எங்கள் பக்கத்து உரிமையை வேறொருவன் வாங்கியிருப்பான். தைவானின் மியூஸ் கம்பனி அப்படித்தான் தெற்காசியாவுக்கும் சேர்த்து வாங்கி யூடியூபில் சும்மா விடுகிறது, ஸ்பை ஃபேமிலியை நான் ஒரு சதம் கட்டாமல், களவும் எடுக்காமல் அங்கேதான் பார்த்தேன். ஆங்கில எழுத்துத்தான், ஆனால் வந்ததே பெரிய காரியம்.

களவு என்று கம்பனிகள் எங்களுக்குப் பாடம் எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். இப்போது காசுக்கு அனிமே காட்டுகிற கிரஞ்சிரோல் 2006இல் தொடங்கியபோது அதுவே ரசிகர்கள் சப்ரைட்டில் போட்ட படங்களை உரிமை இல்லாமல் ஏற்றி வைத்த இடம். 2009 தொடக்கத்தில் ஜப்பானின் ரீவி டோக்கியோ தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் போட்டு, நருட்டோவின் தொடர்ச்சியான நருட்டோ ஷிப்புடெனை முறைப்படி காட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தொடருக்கு அதுவரை சும்மா சப்ரைட்டில் போட்டு வந்த தத்தேபாயோ என்ற ரசிகர் குழு அதோடு கையை எடுத்துக்கொண்டது. அது எனக்குப் பிடித்த கதை, சத்தம் போடாமல் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிறகு 2021இல் சோனி அதே கிரஞ்சிரோலை 117.5 கோடி டொலருக்கு வாங்கியது.

சரி, காசு கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவில் ஃபனிமேசன் என்கிற அனிமே கம்பனி டிஸ்க்கோடு சேர்த்து டிஜிட்டல் பிரதியும் கொடுத்தது, எப்போதைக்கும் உன்னுடையது என்கிற மாதிரி. 2024 ஏப்ரலில் அந்தச் சேவையை மூடியபோது அந்தப் பிரதிகளும் போய்விட்டன. அங்கேயே அப்படி என்றால், 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டி, டொலரில் காசு கட்ட வங்கி அட்டையே வேலை செய்யாத நாட்டில் இருந்த எங்களை யார் கணக்கில் எடுப்பது? இவ்வளவு சொல்லிவிட்டும் நான் இன்னும் மாதம் மாதம் கட்டுகிறேன். ஏன் என்று மனைவியும் கேட்கிறா.

கனகாம்பிகைக்குளத்து மீன்

"எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்" என்று முதல் ஆள் எழுதியிருக்கிறார், நான் கேட்கிறேன். தமிழில் குரல் கொடுத்தவர்களும் சம்பளத்துக்குத்தான் கத்துகிறார்கள். பென் ட்ரைவில் பார்க்கிற நாங்கள் அவர்களுடைய கணக்கில் ஆள் இல்லை, பிறகு தமிழில் ஏன் எல்லாம் வருவதில்லை என்று அழுகிறோம்.

முறிகண்டிக் கச்சான், கிளிநொச்சி

கேட்டது நியாயம், மறுமொழி என்னிடம் இல்லை. தண்டனை மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன். பென் ட்ரைவ் தருகிற பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். சோலோ லெவலிங்கின் இரண்டாவது பருவத்தில்தான் அந்தத் தாய் கண் திறக்கிறா, அம்மம்மா ஒரு வருடமாக அதைத்தான் கேட்கிறா. "தாய்க்காரி எழும்பினாளோ?" என்பா, ஏதோ பக்கத்து வளவுப் பெண்ணைக் கேட்கிற மாதிரி. எழும்பினா என்று சொன்னேன், நம்பவில்லை, கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இறால் அக்கா, அந்தப் பாகத்துக்கு மட்டும் எங்கள் தமிழில் சப்ரைட்டில் போட்டுத் தருவீங்களோ? கொம்பும் அரவும் எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, நான்தான் வாசித்துக் காட்டப் போகிறேன்.

நந்திக்கடல் இறால், முல்லைத்தீவு

ஞாயிற்றுக்கிழமை அனுப்புறன் தம்பி. தாய்க்குக் குரல் கொடுக்கிறது ஆர், நீரோ? எப்பிடியெண்டாலும் ஃபோனில் பதிஞ்சு அனுப்பும், கேக்க வேணும்.