கப்பி மீன் பெருகிவிட்டது, ஏரியில் விடலாமா?

இரண்டடித் தொட்டி:
ஆறு மாதத்துக்கு முன் மூன்று பெண், ஒரு ஆண் என்று கப்பி வாங்கினேன். இப்போது நூறைத் தாண்டிவிட்டது. ஆண்களைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது, அப்படியும் பெண் மீன்கள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. இரண்டே நாளில் தண்ணீர் நாறுகிறது. கொளத்தூரில் கேட்ட வளர்ப்பு மீன் கடைகளில் எல்லாம் கலப்புக் கப்பி வேண்டாம் என்கிறார்கள். தெருக்கோடியில் ஏரி இருக்கிறது, கொசுவாவது குறையும். விட்டுவிடலாமா?

அம்பத்தூர் மூர்த்தி:
தாராளமாக விடுங்க தம்பி. கொசுப்புழு தின்னத்தானே மாநகராட்சியே கிணறுகளில் இந்த மீனை விடுகிறது. எங்கள் வீட்டுக் கிணற்றில் ஐந்து வருடமாகக் கப்பிதான், புழு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தொட்டிக்குள் நெருக்கியடித்துச் சாவதற்கு ஏரியில் பிழைத்துப் போகட்டுமே.

பாசி:
மூர்த்தி அண்ணா, கிணறு வேறு, ஏரி வேறு. கிணற்றில் விட்ட மீன் கிணற்றோடு நிற்கும். ஏரியில் விட்டால் மதகு வழியாக வாய்க்கால், அடுத்த ஏரி என்று போய்க்கொண்டே இருக்கும், திரும்பப் பிடிக்கவே முடியாது. கப்பி தென் அமெரிக்காவின் வடகோடி, டிரினிடாட் பக்கத்து மீன். அழுக்குத் தண்ணீரையும் தாங்கும், மாதம் ஒருமுறை குட்டி போடும். நம் ஓடைகளில் தலையில் வெள்ளைப் புள்ளி மின்ன மேலாக நீந்துமே ஒரு சின்ன மீன், அதுவும் கொசுப்புழுவைத்தான் தின்கிறது. அதன் இடத்தில் எதற்கு இன்னொன்றைத் திணிக்க வேண்டும்? அப்புறம், டெங்குக் கொசு ஏரியிலா முட்டையிடுகிறது? டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத சிமெண்ட் தொட்டி, இங்கேதான்.

அம்பத்தூர் மூர்த்தி:
டெங்கு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரியில் ஏற்கெனவே ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிரம்பிக் கிடக்கிறது, சாக்கடையும் கலக்கிறது. இதில் நூறு கப்பி போய் என்ன கெடுத்துவிடப் போகிறது?

பாசி:
ஜிலேபியையும் அன்றைக்கு யாரோ இப்படி நினைத்துத்தான் விட்டார்கள். அதோடு வீட்டுத் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் மாதிரி ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். நூறு மீன் என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு சினை மீன் போதும்.

செல்வி, வீட்டில் கப்பி வளர்ப்பவள்:
தம்பி, ஆணைப் பிரித்த பிறகும் குட்டி வருவதில் ஆச்சரியமே இல்லை. ஒருமுறை சேர்ந்தால் பெண் கப்பி விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் ஈனும். அதனால் பெரிய பெண்களைத் தனித் தொட்டியில் வையுங்கள். புதுக் குட்டிகளை மூன்று, நான்கு வாரத்திலேயே கவனித்துப் பிரியுங்கள், ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி மாதிரி நீள ஆரம்பிக்கும். பெண்கள் இருக்கும் தொட்டியில் பாசி, செடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும், பெருக்கம் தானாகக் குறையும்.

அம்பத்தூர் மூர்த்தி:
ஏரியில் விடுவது தப்பு, ஆனால் குட்டியைத் தாயே தின்னட்டும் என்று விடலாமாம்மா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

செல்வி, வீட்டில் கப்பி வளர்ப்பவள்:
எனக்கும் முதலில் ஒப்பவில்லை சார். எல்லாவற்றையும் காப்பாற்றப் போய், ஒரு கோடையில் இரவு மின்சாரம் போய் காற்று மோட்டார் நின்றதில் நெருக்கமாக இருந்த தொட்டி மொத்தமும் காலையில் மிதந்தது. அதற்கு இது மேல்.

இரண்டடித் தொட்டி:
ஏரி வேண்டாம், முடிவு செய்துவிட்டேன். பன்னிரண்டு ஆண் மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூர்த்தி சார், உங்கள் கிணற்றுக்கு ஐம்பது தரட்டுமா?

பாசி:
அண்ணா, மழையில் அந்தக் கிணறு நிரம்பி வழியுமா?

அம்பத்தூர் மூர்த்தி:
2015 டிசம்பரில் வழிந்தது. அதன்பிறகு சுவரை இரண்டடி உயர்த்திக் கட்டிவிட்டோம். ஆணாகப் பார்த்துக் கொடுங்க தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வருகிறேன்.