இடைப்பட்ட கைகள் தேவையா? நேரடி விற்பனையும் விநியோகஸ்தர் வலையமைப்பும்

நேர்வழி:
ஒரு நிறுவனம் தன் பொருளை விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று மூன்று கைகள் மாற்றி வாடிக்கையாளரிடம் சேர்ப்பது, தகவல் மெதுவாகப் பயணித்த காலத்தின் ஏற்பாடு என்பதே என் கருத்து. 1984 இல் தொடங்கிய டெல் நிறுவனம், வாடிக்கையாளரிடம் நேரடியாக ஆர்டர் வாங்கி, அதன் பிறகே கணினியைப் பொருத்தி அனுப்பியது. விற்காத சரக்கு கிடங்கில் தேங்கிப் பழசாகவில்லை. உதிரிப்பாகம் தந்தவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்பே வாடிக்கையாளரின் பணம் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு தெளிவான முன்மாதிரி இருக்கும்போது, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஏன் ஒரு கமிஷன் அழ வேண்டும்?

கிடங்கடி:
அதே டெல் 2007 இல் வால்மார்ட் கடைகளின் வழியாகவும் விற்கத் தொடங்கியதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தொகையாக வாங்கும் அலுவலகங்களுக்குப் பொருந்திய முறை, கையில் எடுத்துப் பார்த்து வாங்க விரும்பும் தனிநபருக்குப் போதவில்லை.

கமிஷன் எதற்கு என்று கேட்டீர்கள். பத்து உற்பத்தியாளர்களும் ஐந்நூறு கடைகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் நேரடியாக வணிகம் செய்தால் 5,000 தொடர்புகளைப் பராமரிக்க வேண்டும். நடுவில் ஒரு விநியோகஸ்தர் நின்றால் 510 போதும். அவர் லாரி லாரியாக வரும் சரக்கைப் பிரித்துக் கடைக்கு இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று கொடுக்கிறார். பல நிறுவனங்களின் பொருள்களை ஒரே வண்டியில் ஏற்றுகிறார். கடைக்காரருக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடன் திரும்பாத அபாயத்தையும் தானே சுமக்கிறார். அவரை நீக்கினால் இந்த வேலைகள் நீங்கிவிடுவதில்லை, நிறுவனத்தின் தலையில் வந்து விழுகின்றன. சொந்தமாகக் கிடங்கும் வண்டியும் வசூல் ஆளும் வைத்துச் செய்வது மலிவா என்பதே கேள்வி.

நைக்கி நிறுவனத்தையும் பாருங்கள். 2017 இல் நேரடி விற்பனைக்கு முன்னுரிமை அறிவித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் பல சில்லறை நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுப்பதைக் குறைத்தது, சிலவற்றுக்கு நிறுத்தியது. காலியான அலமாரியில் போட்டியாளர்களின் காலணிகள் ஏறிக்கொண்டன. 2023 இல், விலகிவந்த மேசிஸ் போன்ற கடைகளுக்கே அது திரும்பிச் சென்றது.

கணக்கன்:
இருவரும் கமிஷனைச் செலவாக மட்டும் பார்க்கிறீர்கள். அதில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு பொருளின் உற்பத்திச் செலவு 20 அலகு. 100 இலிருந்து விலையைக் கழித்தால் கிடைப்பதே விற்பனை எண்ணிக்கை என்று கொள்வோம். நிறுவனமே நேரடியாக விற்றால் அதற்கு மிகுந்த லாபம் தரும் விலை 60, விற்பனை 40, லாபம் 1,600. இப்போது நடுவில் ஒரு வியாபாரி வருகிறார், விற்பதில் அவருக்குத் தனிச்செலவு ஏதும் இல்லை. நிறுவனம் அவருக்கு 60 க்குக் கொடுக்க, அவர் தம் லாபத்தைக் கணக்கிட்டு 80 க்கு விற்கிறார். விற்பனை 20 ஆகக் குறைகிறது. நிறுவனத்துக்கு 800, வியாபாரிக்கு 400, ஆக மொத்தம் 1,200. வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுத்தும், விற்ற இருவரின் கூட்டு லாபம் குறைந்துவிட்டது. இதை ஸ்பெங்லர் என்ற பொருளியலாளர் 1950 இலேயே எடுத்துக்காட்டினார். இருவரும் பேராசைக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தனித்தனியாகக் கணக்குப் போட்டாலே போதும்.

கிடங்கடி:
கணக்கு சரி, ஆனால் உங்கள் வியாபாரி பெட்டியை வாங்கி விற்பதைத் தவிர வேறு வேலையே செய்யாதவர். நிறுவனம் பொருளை 20 க்கே கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு நிலையான உரிமத் தொகையைத் தனியாக வாங்கிக்கொண்டால் விலை மீண்டும் 60 க்கு இறங்கிவிடும். உச்ச விற்பனை விலையை நிர்ணயிப்பதும் அதே பலனைத் தரும். ஒப்பந்தத்தால் தீரும் சிக்கலுக்கு வலையமைப்பையே கலைக்க வேண்டியதில்லை.

நேர்வழி:
ஒப்பந்தம் என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி. கோகோ கோலா 1899 இல் தன் பானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை, அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு, இரண்டு வழக்கறிஞர்களுக்கு ஒரு டாலர் என்ற தொகைக்கு எழுதிக்கொடுத்தது. பானம் தயாரிக்க நிறுவனம் அவர்களுக்குத் தரும் சர்க்கரைச் சிரப்பின் விலை நிலையானது. ஒப்பந்தத்துக்குக் காலவரையறை இல்லை. முதல் உலகப்போரை ஒட்டிச் சர்க்கரை விலை ஏறியபோது நிறுவனம் மாட்டிக்கொண்டு, நீதிமன்றம் வரை போய், 1921 இல்தான் ஒரு சமரசத்துக்கு வந்தது. பிறர் முதலீட்டில் வேகமாகப் பரவ முடிந்தது உண்மைதான், ஆனால் அந்த வேகத்துக்கான விலையைப் பின்னால் கொடுக்க நேர்ந்தது.

அதைவிடப் பெரிய குறை தகவல் திரிவது. குழந்தைகள் டயப்பர் பயன்படுத்தும் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. கடை விற்பனையும் ஓரளவு சீராகவே இருக்கும். ஆனாலும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்குவதைக் கண்டது; அது தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டரோ அதைவிட அதிகமாக ஆடியது. ஒவ்வொரு கையும் தனக்குத் தெரிந்த ஆர்டரை மட்டும் வைத்து ஊகித்து, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவித்து, தட்டுப்பாடு வரும் என்று அஞ்சித் தேவைக்கு மேல் கேட்கும்போது, சிறு அசைவு மேலே போகப் போகப் பெரிதாகிறது. சவுக்கடி விளைவு என்று இதைச் சொல்கிறார்கள்.

வழிப்போக்கன்:
எந்தப் பொருள் என்று சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். சுரங்கத்தில் ஓடும் கேட்டர்பில்லர் இயந்திரம் பழுதானால் அருகிலேயே உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் வேண்டும். அந்த நிறுவனம் சுதந்திரமான டீலர்களை இன்றும் நம்பி நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கைப்பேசிச் செயலியை விற்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

கிடங்கடி:
வழிப்போக்கன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சவுக்கடி விளைவுக்குக் கைகளின் எண்ணிக்கையை மட்டும் பழிப்பது சரியல்ல. அதே பிராக்டர் அண்ட் கேம்பிள், 1980 களின் பிற்பகுதியில் வால்மார்ட்டோடு சேர்ந்து கடையின் விற்பனைத் தரவைப் பார்த்துத் தானே சரக்கு நிரப்பும் முறையைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட கடை அங்கேயே இருந்தது, மறைந்தது ஊகம்தான். விநியோகஸ்தர்களோடும் இதைச் செய்யலாம்.

நேர்வழி:
செய்யலாம், அவர் தரவைக் கொடுத்தால். எந்தக் கடை எவ்வளவு வாங்குகிறது என்ற பட்டியலே அவருடைய பேரம் பேசும் பலம். அதைக் கையில் கொடுத்த மறுநாள் நிறுவனம் தம்மைத் தாண்டி நேராகக் கடைக்குப் போய்விடும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. தரவுக்கு ஈடாக நிறுவனம் என்ன உறுதி கொடுக்க வேண்டும், அதை எத்தனை ஆண்டுகளுக்கு எழுதித் தர வேண்டும் என்பதற்கு உங்களிடம் விடை இருந்தால் எழுதுங்கள்.

கிடங்கடி:
விநியோகஸ்தருக்கென்று ஒரு விற்பனைப் பகுதி, ஐந்து ஆண்டு, புதுப்பிக்காவிட்டால் கையிருப்புச் சரக்கை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற ஒரு விதி. காலவரையறை இல்லாத 1899 ஒப்பந்தமும் வேண்டாம், ஒரு மாத அறிவிப்பில் விலக்கும் ஒப்பந்தமும் வேண்டாம். ஐந்து என்பதைக் கணக்கன் மூன்றாகக் குறைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.