தாது வருஷக் கணக்கு நோட்டு: மணியக்காரரா இருந்த எங்க முப்பாட்டன் நல்லவரா, இல்ல ஊரை சுரண்டுனவரா?

பாலக்கோட்டுப் பேரன்:

வணக்கங்க. எங்க ஊரு பாலக்கோடு பக்கம். போன மாசம் பழைய ஊட்டைப் பிரிச்சப்ப பரண்மேல ஒரு தகரப்பெட்டி கெடச்சுது, அதுக்குள்ள செவப்புத் துணி சுத்துன நீள நோட்டு ஒண்ணு. எங்க அப்பாவோட தாத்தாவுக்கு அப்பா எழுதுனது. அவரு ஊருக்கு மணியக்காரர், அதாவது வரி வசூல் பண்ற ஊர் அதிகாரி, கூடவே உப்பு, புளி, பொகையில, வெளக்கெண்ணெய் எல்லாம் விக்கிற கடை வச்சிருந்தாரு, ராகிக் கொல்லையும் இருந்துச்சு.

அவரைப் பத்தி ரெண்டு பேச்சு இருக்கு. எங்க அத்தை "பஞ்சத்துல ஊருக்கே கூழு ஊத்துன மனுசன்"னு சொல்லும். ஊருக்குள்ள சில பெரியவங்க "கடன் குடுத்து கொல்லைய எழுதி வாங்குனவரு"னு சொல்றாங்க. சின்ன வயசுல இருந்தே இது மனசுல உறுத்திட்டே இருக்கு. நோட்டுல "தாது ௵ மாசி"ன்னு ஒரு பக்கம், அதுல ஒரு பேரு, பக்கத்துல "கிஸ்தி வகைக்கு ௹ ங வ", அதுக்குக் கீழ "ராகி யஉ வள்ளம்"னு இருக்கு. யஉ ன்னா என்னங்க? யாராச்சும் படிச்சு சொல்லுங்க.

ரிட்டையர்டு விஏஓ:

தம்பி, அது யஉ இல்ல, ௰௨. தமிழ் எண்ணுல பத்து பாக்க ய மாதிரி இருக்கும், ரெண்டு உ மாதிரி இருக்கும், ஆக 12 வள்ளம், வள்ளம்ங்கறது அப்ப தானியம் அளக்கற படி மாதிரி ஒரு அளவு. நீங்க ங ன்னு படிச்சது மூணு, அந்த வ கால். அதனால மூணேகால் ரூபா. தாது வருஷம் மாசின்னா 1877 பிப்ரவரி, மார்ச். ஜூலைல ஆரம்பிக்கற வரிக்கணக்கு வருஷமான பசலில சொன்னா 1286, பசலியோட 590 கூட்டுனா அது ஆரம்பிக்கற இங்கிலீஷ் வருஷம் வரும், ஜனவரிக்கு மேலன்னா 591 கூட்டணும், பழைய வரிக்கணக்கு நோட்டு பாக்கறப்ப இது உதவும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கிஸ்திங்கறது நிலத்தீர்வைத் தவணை. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து பாராமகால் சீமை 1792ல திப்பு கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துச்சு, கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் இங்க இருந்துதான் ரயத்துவாரிய ஆரம்பிச்சாங்க, அதாவது ஒவ்வொரு குடியானவனும் அவனவன் பட்டாவுக்கு நேரா சர்க்காருக்கு பணம் கட்டணும், அதை வசூல் பண்ணி கட்டறது மணியக்காரர் வேலை, கணக்கு எழுதறது கர்ணம். கட்டலைன்னா 1864 சட்டப்படி ஜப்தி. தானியம் இருக்கும், கையில காசு இருக்காது, இதுதான் அன்னைக்கு குடியானவன் கஷ்டமே. அப்ப காசு இருக்கற ஒரே எடம் கடை. உங்க முப்பாட்டன் கடைக்காசுல மூணேகால் ரூபா அந்தாளு கிஸ்திய கட்டிட்டு, அறுப்புக்கு 12 வள்ளம் ராகியா திருப்பித் தரச் சொல்லி எழுதியிருக்காரு. கடையும் கொல்லையும் மணியமும் தனித்தனி இல்ல தம்பி, ஒரே கல்லாப்பெட்டி.

ஊத்தங்கரைப் பொண்ணு:

எல்லாரும் உதவி உதவின்னு சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். எங்க பாட்டி வழியில ரெண்டு ஏக்கரா கொல்லை இப்படித்தான் போச்சு, கடைக்கடன் கிஸ்திக்கடனாகி கடைசில கிரயமாயிருச்சுன்னு பாட்டி சாகற வரைக்கும் சொல்லி அழும். 1816லயே ஊர்த்தலைவரை முன்சீப்பா ஆக்கி 10 ரூபா வரைக்கும் வழக்கு கேக்கலாம்னு கம்பெனி சட்டம் போட்டுட்டாங்க. ஆக வரி கேக்கறவரு, கடன் குடுக்கறவரு, பஞ்சாயத்து சொல்றவரு எல்லாம் ஒரே ஆளு, எதுத்து யாரு கிட்ட போய் நிக்கிறது? உங்க முப்பாட்டன் கெட்டவர்னு சொல்ல வரல அண்ணா. ஆனா அந்த நோட்டுலயே பதில் இருக்கு. அதே மாசி மாசத்துல கடையில சில்லறைக்கு ராகி என்ன விலைக்கு வித்தாருன்னு பாருங்க, ரூபாய்க்கு எத்தனை வள்ளம்னு. அதையும் இந்த 12 வள்ளத்தையும் வச்சுப் பாத்தா தெரிஞ்சுரும்.

தேன்கனிக்கோட்டைக்காரன்:

நல்ல கேள்வி கேட்டீங்க சகோதரி. ஒண்ணு சேத்துக்கறேன், நம்ம ராஜாஜி 1878ல ஓசூர் பக்கம் தொரப்பள்ளில பொறந்தாரு, அவங்க அப்பாவும் அந்த ஊரு முன்சீப்தான், அதனால இந்த வேலை நம்ம பக்கம் எவ்ளோ முக்கியமா இருந்துச்சுன்னு பாருங்க. அப்பன் பார்த்த வேலைய பரம்பரையா மகன் பார்த்தது, 1980 நவம்பர்ல எம்ஜிஆர் ஆட்சில பரம்பரை மணியமும் கர்ணமும் ஒழிச்சதுக்கப்புறம்தான் விஏஓ வந்தாங்க.

தாது வருஷப் பஞ்சத்தையும் கணக்குல எடுத்துக்கோங்க. அப்ப நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டமும் சேலத்துல இருந்துச்சு, சேலம் ஜில்லால 1871ல 19 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம் 1881ல 16 லட்சம் ஆயிருச்சு. அந்த நோட்டுல மாசிக்கு அப்புறம் பேருங்க என்ன ஆச்சுன்னு பொறுமையா பாருங்க, வரவே இல்லாத பேரு எத்தனைன்னு எண்ணுங்க. ஓசூர் பக்கத்து நோட்டா இருந்தா நடுவுல தெலுங்கு, கன்னட எழுத்தும் வரும், பயந்துராதீங்க.

பாலக்கோட்டுப் பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு ராத்திரி உக்காந்து பாத்தேன். மாசில சில்லறை வித்தது ரூபாய்க்கு 3 வள்ளம். அப்படின்னா மூணேகால் ரூபாய்க்கு ஒம்பதேமுக்கால் வள்ளம்தான் ஆகும், இவரு எழுதுனது 12. ரெண்டேகால் வள்ளம் கூட. வட்டின்னு தனியா எங்கயும் எழுதல, ஆனா அது வட்டிதான். நாலு பக்கம் தள்ளி ஒரு கொல்லைய "போக்கியம்"னு, அதாவது கடன் தீர்ற வரைக்கும் கடன் குடுத்தவரே அனுபவிக்கிற அடமானமா, எழுதி வாங்குன வரியும் இருக்கு. ஊத்தங்கரை தங்கச்சி, நீங்க சொன்னது எங்க ஊட்லயும் நடந்திருக்கு.

ஆனா அடுத்த ஈஸ்வர வருஷத்துப் பக்கத்துல ஏழு பேருக்கு நேரா "ஊரில் இல்லை"ன்னு எழுதி, அவங்க பாக்கி எல்லாத்தையும் குறுக்குக் கோடு போட்டு அடிச்சு வச்சிருக்காரு. அந்த மூணேகால் ரூபாக்காரர் பேரும் அதுல ஒண்ணு. கூழு ஊத்துன செலவு எங்கயும் இல்ல, அத்தை கிட்ட இன்னும் சொல்லல. போக்கியம் எழுதிக் குடுத்தவங்க வாரிசுங்க எங்க தெருக் கோடிலதான் இருக்காங்க, ஞாயித்துக்கிழமை நோட்டை எடுத்துட்டு அவங்க ஊட்டுக்குப் போறேன்.